நிக்காஹுக்கு முன் ஒரு துளி இரத்தம்

 

1986-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஒரு நாள், சென்னையிலிருந்து இரவு இரயிலில் புறப்பட்ட இளம் மருத்துவ மாணவி ஒருவர் தம் கணவருடன் காட்பாடி நிலையத்தில் வந்திறங்கினார். அவர்கள் கொண்டுவந்த பனிக்கட்டிப் பெட்டியினுள் பெண்கள் பலரின் இரத்த மாதிரிகள் இருந்தன. அம்மாணவியின் பெயர் செல்லப்பன் நிர்மலா. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பயின்றுகொண்டிருந்தவர். எய்ட்ஸ் என்பது மேனாட்டார் நோய், ஒழுக்கத்திற் சிறந்த நம் நாட்டில் அதற்கு இடமில்லை என்று மேடைதோறும் பேசப்பட்ட காலம் அது. தேடிப் பார்க்கும் பணியை அவரிடம் ஒப்படைத்தவர் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன். மயிலாப்பூரில், கைது செய்யப்பட்ட பாலியல் தொழிலாளப் பெண்களை வைத்திருந்த அரசுக் காப்பகத்திற்குச் சென்று நிர்மலா அந்த இரத்தத்தைச் சேகரித்தார். அதனைச் சோதிக்கும் வசதி அன்று சென்னையில் அவருக்குக் கிட்டவில்லை. எனவேதான் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியை நாடி வந்தார். டாக்டர் ஜேக்கப் ஜான் அவர்களின் ஆய்வுக்கூடத்தில் சோதனை நடைபெற்றது. ஆறு மாதிரிகள் நிறம் மாறின. மறுசோதனைக்காக அமெரிக்கா அனுப்பப்பட்டபோதும் அதே முடிவே வந்தது. அன்றைய சுகாதார அமைச்சர் டாக்டர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் செய்தியை அறிவித்தார்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இவ்வாறுதான், அதுவும் நம் வேலூரில். ஜவ்வாது மலையடிவாரத்து ஒடுகத்தூரிலிருந்து நாம் கண்ணுக்கும் காய்ச்சலுக்கும் பேருந்து ஏறிச் செல்கின்ற அதே வேலூரில்.

அதற்குப் பின் நிகழ்ந்ததையும் அறிதல் நலம். நோய்க்கிருமி இருக்கிறது என்ற ஒரே காரணத்தால், தண்டனைக் காலம் முடிந்தும் பல பெண்கள் காப்பகத்திலேயே அடைத்து வைக்கப்பட்டனர். சியாமளா நடராஜ் என்ற பத்திரிகையாளர் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகிய பிறகே 1990-இல் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. பெண்களைப் பூட்டி வைத்தார்கள், சரி. அப்பெண்களிடம் சென்று வந்த ஆண்களை யார் பூட்டி வைத்தார்கள்? அவர்கள் வழக்கம்போல் வீடு திரும்பினார்கள். மனைவி கதவைத் திறந்தாள். சோறு பரிமாறினாள். இக்கட்டுரை அந்த வீட்டைப் பற்றியது.

வேலி ஒன்று, உள்ளே இருவர்

எய்ட்ஸ் என்றவுடன் நம் சமுதாயத்தில் பலரும் கூறும் மறுமொழி ஒன்று உண்டு. விபசாரம் ஹராம், மது ஹராம். ஆகவே நமக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை என்பதே அது. இதன் முற்பகுதி ஐயத்திற்கு இடமற்ற உண்மை. திருமறையின் 17-ஆம் அத்தியாயம் 32-ஆம் வசனம் விபசாரம் செய்வதை மட்டும் தடுக்கவில்லை. அதன் பக்கம் நெருங்குவதையே தடுக்கிறது. பார்வையைத் தாழ்த்துமாறு ஆணுக்கு முதலிலும் பெண்ணுக்கு அடுத்தும் கட்டளையிடுகிறது 24-ஆம் அத்தியாயம். மணமுடிக்க வசதியுள்ள இளைஞர் மணமுடிக்கட்டும், இயலாதோர் நோன்பு நோற்கட்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கின்றார்கள். எச்.ஐ.வி. பெரும்பாலும் பாலுறவின் வழியே பரவுகின்ற கிருமி. ஆதலால், கிருமியற்ற ஓர் ஆணும் கிருமியற்ற ஒரு பெண்ணும் ஒருவருக்கொருவர் உண்மையாக வாழ்ந்தால் பாலுறவின் வழியே அது அவ்வீட்டினுள் நுழைய வாய்ப்பே இல்லை. இதனை மார்க்க அறிஞரும் மருத்துவ அறிஞரும் ஒருமித்தே உரைக்கின்றனர்.

ஆனால், வேலிக்குள் இருப்பவர் இருவர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஒருவர் தாண்டினால் மற்றவரை அவருடைய தக்வா காக்குமா? மறுமையில் காக்கும். இம்மையில் கிருமி தக்வாவைப் பார்ப்பதில்லை.

டாக்டர் சுனிதி சாலமன் 1993-இல் சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். அங்குச் சிகிச்சைக்கு வந்த 134 பெண்களைப் பற்றிய ஆய்வொன்று 2000-ஆம் ஆண்டு வெளியாயிற்று. அவர்களுள் நூற்றுக்கு 81 பேர் இல்லத்தரசிகள். நூற்றுக்கு 88 பேர் தம் கணவரைத் தவிர வேறொருவரை அறியாதவர்கள். அன்புச் சகோதரிகளே, இந்த எண்களை மீண்டும் ஒருமுறை படியுங்கள். அவர்கள் செய்த 'ஆபத்தான செயல்' கணவனோடு இல்லறம் நடத்தியதுதான்.

நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா என்னும் சகோதரியின் வரலாறு நாடறிந்த ஒன்று. 1995-இல் உறவினருக்கே மணமுடித்துக் கொடுக்கப்பட்டார். மாப்பிள்ளை லாரித் தொழிலில் இருந்தவர். தமக்குக் கிருமி இருப்பதை அறிந்திருந்தும் அவர் சொல்லவில்லை. மணமான சில வாரங்களிலேயே கௌசல்யாவுக்குத் தொற்று இருப்பது தெரியவந்தது. பின்னர்க் கணவரும் மாண்டார். முகத்தை மூடிக்கொள்ளாமல், பெயரை மறைத்துக்கொள்ளாமல் வெளியே வந்து பேசிய அப்பெண்மணி, 1998-இல் தம்மைப் போன்ற பெண்களைச் சேர்த்து 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்' என்ற அமைப்பை உருவாக்கினார். சொந்தத்தில் கொடுத்தால் விசாரிக்க வேண்டியதில்லை என்று நம் வீடுகளிலும் பெரியவர்கள் சொல்லக் கேட்கிறோம் அல்லவா? மாமன் மகன், அத்தை மகன் என்ற உறவு இரத்தத்தில் உள்ள கிருமியைச் சொல்லாது.

2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் தமிழகமெங்கும் சுவரொட்டிகளில் ஒரு கேள்வி எழுதப்பட்டிருந்தது. புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று. சிறுவர் முதல் கிழவர் வரை அதைச் சொல்லிச் சிரித்தோம். புள்ளிராஜாவின் மனைவிக்கு வருமா என்று எத்தனை பேர் சிந்தித்தோம்?

பிரிவும் பயணமும்

நம் பகுதி ஆண்கள் வீட்டில் தங்கிப் பிழைப்பவர்கள் அல்லர். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோல் தொழிலை நம்பிய ஊர்களில் சரக்கோடும் கணக்கோடும் ஊரூராகச் சுற்றுவோர் உண்டு. பள்ளிகொண்டா வழியே செல்லும் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவு முழுதும் லாரி ஓட்டுவோர் உண்டு. வளைகுடா நாடுகளில் உழைத்து, இரண்டாண்டுக்கு ஒருமுறை சில வாரம் முகம் காட்டிச் செல்வோர் ஏராளம். இவர்களெல்லாம் தவறு செய்வோர் என்று கூறுவது அநியாயம். பெரும்பாலோர் வியர்வையைத் தவிர வேறெதையும் வெளியூரில் சிந்தாதவர்கள். ஆயினும் நீண்ட பிரிவு மனிதனைச் சோதிக்கும் என்பதை நம் முன்னோர் மறைக்கவில்லை.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஓரிரவு மதீனாவில் நகர்வலம் சென்றபோது, போருக்குச் சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் தனிமையில் ஏங்கிப் பாடுவதைச் செவியுற்றார்கள். வீடு திரும்பியதும் தம் மகளாரும் மூமின்களின் அன்னையுமான ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம், கணவனைப் பிரிந்து ஒரு பெண் எத்தனை நாள் பொறுப்பாள் என்று வினவினார்கள். தந்தை மகளிடம் கேட்கும் கேள்வியா இது என்று அன்னையார் நாணினாலும், மக்களின் நலன் கருதி விடையளித்தார்கள். நான்கு மாதம் என்றும், ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. அதற்கேற்ப வீரர்கள் வீட்டை விட்டு விலகியிருக்கும் காலத்திற்குக் கலீஃபா எல்லை வகுத்தார்கள். பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் ஓர் ஆட்சித் தலைவர் பாலுணர்வைப் பற்றித் தம் மகளிடம் கேட்டுச் சட்டம் இயற்றுகிறார். நாமோ நம் மகனிடம் அதைப் பற்றி ஒரு சொல் பேச வெட்கப்படுகிறோம்.

வெட்கம் ஈமானில் ஒரு பகுதிதான். ஆனால் மார்க்கத்தைக் கற்பதற்கு வெட்கம் தடையாகாத அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்கின்றார்கள். மதரஸாவில் ஃபிக்ஹு நூலைத் திறக்கும் சிறுவன் குளிப்புக் கடமையாகும் காரணங்களை ஆசிரியர் முன் உரக்கப் படிக்கிறான். பன்னிரண்டு வயதில் அதைப் படித்தவனுக்கு, பதினெட்டு வயதில் எச்.ஐ.வி. எப்படிப் பரவுகிறது என்று சொல்வதில் என்ன நாணம்?

சொல்ல வேண்டியது அதிகமில்லை. பாதுகாப்பற்ற உடலுறவு, அது ஆணும் பெண்ணுமாயினும் ஆணும் ஆணுமாயினும், கிருமியுள்ள இரத்தம், பலர் பகிர்ந்துகொள்ளும் ஊசி, தொற்றுள்ள தாயின் கருவறை, பேறு, பால். இவையே வழிகள். ஒரே சஹனில் அமர்ந்து உண்பதாலோ, ஒரே ஹவுளில் ஒளுச் செய்வதாலோ, முஸாஃபஹா செய்வதாலோ, கொசுக்கடியாலோ பரவாது. தொற்றுடன் இறந்தவரின் மய்யித்தைக் குளிப்பாட்ட அஞ்சுவோர் உண்டு. கையுறை அணிந்து, எந்த மய்யித்துக்கும் கொள்ளவேண்டிய அதே எச்சரிக்கையுடன் குளிப்பாட்டலாம். அந்த இறுதிக் கடமையை மறுப்பதற்கு மருத்துவத்தில் காரணம் இல்லை.

இன்னுமொரு தவறான ஆறுதலையும் இங்கே கூறியாக வேண்டும். சுன்னத் செய்தவருக்கு எய்ட்ஸ் வராது என்ற பேச்சு நம்மிடையே உலவுகிறது. தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆகிய நாடுகளில் நடந்த ஆய்வுகளின் அடிப்படையில் 2007-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது இதுதான்: சுன்னத் செய்த ஆணுக்குப் பெண்ணிடமிருந்து தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 60 விழுக்காடு குறைகிறது. அல்ஹம்துலில்லாஹ், நம் வழிமுறையின் சிறப்பு அது. ஆனால் குறைகிறது என்பது வேறு, வராது என்பது வேறு. எஞ்சிய 40-ஐ யார் தாங்குவது? அன்றியும், தொற்றுள்ள கணவன் சுன்னத் செய்தவன் என்பதால் மனைவிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு ஏதுமில்லை.

விசாவுக்கு நீட்டும் கை

ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை கூடும். பக்ரீத் நெருங்கினால் குர்பானிக்கு ஆடு வாங்குவோர் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். கண்ணைப் பார்ப்பார்கள், காலை நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். குறையுள்ள பிராணி கூடாது என்பது சட்டம். அதே வாரத்தில் மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடிக்கும்போது நாம் பார்ப்பது என்ன? வீடு, வேலை, சம்பளம், எத்தனை சவரன் என்ற கணக்கு. ஒப்புமை சற்றுக் கடுமையானதுதான், பொறுத்துக்கொள்க. கைக்கூலி சேர்ப்பதற்காகவே முப்பது வயது வரை நிக்காஹ் தள்ளிப்போகும் வீடுகளும் உண்டு. வேலியைப் பற்றி மேடையில் முழங்கிக்கொண்டே அதன் வாசலை இப்படி அடைத்து வைத்திருக்கிறோம்.

நிக்காஹுக்கு முன் மணமகனும் மணமகளும் எச்.ஐ.வி. சோதனை செய்துகொள்வது நல்லது என்றால், உடனே முகம் சிவக்கிறது. எங்கள் பிள்ளையைச் சந்தேகிக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். அந்தப் பிள்ளையே வளைகுடாவுக்கு விசா எடுக்கும்போது மருத்துவ மையத்தில் சட்டைக் கையை மடித்து இரத்தம் கொடுக்கிறான். அச்சோதனையில் எச்.ஐ.வி.யும் அடங்கும். அங்கே யாரும் மானம் போயிற்று என்று எழுந்து வருவதில்லை. வேலைக்காக ஓர் அந்நியக் கம்பெனிக்குத் தரும் உறுதியை, வாழ்நாள் முழுதும் உடன் வரப்போகும் பெண்ணுக்குத் தர மறுப்பது எவ்வகையில் நியாயம்?

இரு புனிதத் தலங்களும் அமைந்துள்ள சவூதி அரேபியாவில் மணமக்களுக்குத் திருமணத்திற்கு முந்தைய சோதனை கட்டாயம். 2004-இல் பரம்பரை இரத்த நோய்களுக்காகத் தொடங்கிய அத்திட்டத்தில் 2008-இல் எச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் சேர்க்கப்பட்டன. மக்காவில் வெட்கமில்லாதது நமக்கு மட்டும் வெட்கமா?

ஆயினும் ஒன்றைக் கருத்திற் கொள்ள வேண்டும். நம் நாட்டில் இதனை ஜமாஅத் கட்டாயப்படுத்த இயலாது, கட்டாயப்படுத்தவும் கூடாது. 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், ஒருவரின் முழுச் சம்மதமின்றிச் சோதனை செய்வதையும், முடிவை ஊரறியச் செய்வதையும் தடை செய்கிறது. எனவே முத்தவல்லியின் மேசையில் சோதனைச் சீட்டுகளை வரிசையாக வாங்கி வைப்பது வழியன்று. இரு வீட்டாரும் பேசி, இருவரும் மனமுவந்து, இருவருமே சோதனை செய்துகொண்டு, முடிவைத் தமக்குள் பகிர்ந்துகொள்வதே முறை. பெண்ணுக்கு மட்டும் சோதனை என்று யாரேனும் வந்தால் அந்தச் சம்பந்தத்தையே யோசியுங்கள்.

தொற்றுள்ளவர் மணம் புரியலாமா என்ற வினா உச்ச நீதிமன்றம் வரை சென்றதுண்டு. தொற்றுள்ள ஒருவரின் திருமணம், மருத்துவமனை வழியே செய்தி கசிந்ததால் நின்றுபோன வழக்கு அது. 1998-இல் நீதிமன்றம் அத்தகையோரின் மணவுரிமையையே நிறுத்தி வைத்தது. 2002-இல் அக்கருத்தைத் திரும்பப் பெற்றது. மற்றவருக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் சம்மதிக்க வேண்டும், இதுவே சாரம். நம் ஃபிக்ஹு சட்டமும் குறையை மறைத்துச் செய்யும் ஒப்பந்தத்தை ஏற்பதில்லை.

சோதனை ஒருமுறை செய்துவிட்டால் வாழ்நாள் காப்பீடு என்றும் எண்ணற்க. கிருமி நுழைந்த முதல் சில வாரங்களில் சோதனையில் தென்படாமல் இருக்கலாம். ஐயமிருப்பின் மூன்று மாதம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். மணத்திற்குப் பின் வரும் தொற்றை மணத்திற்கு முன் எடுத்த சீட்டு தடுக்காது. அதற்கு வேலிதான் வேண்டும்.

எண்பது கசையடி யாருக்கு?

சோதனைக்கு மக்கள் அஞ்சுவது ஊசிக்காக அன்று, ஊர்ப் பேச்சுக்காக. மானக்கேடான செயல்கள் வெளிப்படையாகப் பரவும் சமுதாயத்தில் முன்னோர் அறியாத நோய்கள் தோன்றும் என்ற கருத்தமைந்த நபிமொழி இப்னு மாஜாவில் உள்ளது. எய்ட்ஸ் பற்றிய குத்பா எதுவும் இதைக் கூறாமல் முடிவதில்லை. அது சமுதாயம் முழுமைக்கும் விடுக்கப்பட்ட எச்சரிக்கை. தொற்றுள்ள ஒவ்வொருவர் நெற்றியிலும் ஒட்டுவதற்காக அருளப்பட்ட முத்திரை அன்று. அந்த 134 பெண்களின் நெற்றியில் எதை ஒட்டுவீர்கள்? கருவில் தொற்றிய குழந்தையின் நெற்றியில்?

ஹிஜ்ரி 18-இல் ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியது. அதில் இறந்தவர்கள் யார்? சுவனத்திற்கு நன்மாராயம் கூறப்பட்ட பதின்மருள் ஒருவரான அபூ உபைதா (ரலி) அவர்கள். ஹலால், ஹராம் சட்டங்களை ஆழக் கற்ற முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்கள். நோய் வந்ததே பாவத்திற்குச் சான்று என்பார் இவர்களைப் பற்றி என்ன கூறுவார்? அதே நோய்ச் செய்தி கேட்டுத்தான் உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்ற இடத்திலிருந்து படையுடன் திரும்பினார்கள். இறைவிதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா கேட்டபோது, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியை நோக்கியே செல்வதாக மறுமொழி கூறினார்கள். தடுப்பு நடவடிக்கை ஈமானுக்கு எதிரானதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கற்புள்ள பெண்ணின் மீது நான்கு சாட்சிகளின்றிப் பழி சுமத்துவோருக்கு 80 கசையடி என்று திருமறை (24:4) தண்டனை விதித்திருக்கிறது. ஓர் இரத்தச் சோதனைச் சீட்டு நான்கு சாட்சி ஆகாது. அதைக் காட்டி ஒரு சகோதரியை 'அப்படிப்பட்டவள்' என்று திண்ணையில் பேசுவோர் தாம் எந்த வசனத்தின் கீழ் வருகிறோம் என்று பார்த்துக்கொள்ளட்டும். துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் 49-ஆம் அத்தியாயம் ஒரே வசனத்தில் சேர்த்தே தடுத்திருக்கிறது.

1995-இல் அபூதாபியில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி இந்நோய் குறித்துத் தெளிவான தீர்மானம் நிறைவேற்றியது. சாதாரணமாகப் பழகுவதால் தொற்றாது என்பதால் நோயாளியை ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. தெரிந்தே பிறருக்குப் பரப்புவது ஹராம், பெருங்குற்றம். தொற்றில்லாத துணைவருக்குப் பிரிவு கோரும் உரிமை உண்டு. முப்பது ஆண்டுகளாக இத்தீர்மானம் இருக்கிறது. நம் மிம்பர்களில் இது ஒலிக்கக் கேட்டோர் எத்தனை பேர்?

பிரிய விரும்பாத தம்பதியர்? அவர்களுக்கு ஆணுறை இருக்கிறது. அச்சொல்லைக் கேட்டதும் பத்திரிகையை மூடிவிட வேண்டாம். நபித்தோழர் காலத்தில் அஸ்ல் என்னும் கருத்தடை முறை இருந்ததையும், அது தடுக்கப்படவில்லை என்பதையும் ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு கூறுகிறது. கரு உண்டாவதைத் தவிர்க்கவே மனைவியின் சம்மதத்துடன் அனுமதி உண்டெனில், உயிரைக் காக்க அனுமதி இல்லையா? ஹராமான உறவுக்கு ஆணுறை ஹலால் முத்திரை குத்தாது. அதே வேளையில் தவறிப்போன கணவன் தன் குற்றமற்ற மனைவிக்கும் கிருமியைக் கொண்டுவருவது இரண்டாவது குற்றம் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது.

இதைத் துணிந்து பேசியவர்கள் உகாண்டா நாட்டு இமாம்கள். 1989-இல் அந்நாட்டின் முஃப்தி எய்ட்ஸுக்கு எதிராக ஜிஹாத் அறிவித்தார். அங்குள்ள இஸ்லாமிய மருத்துவச் சங்கம் இமாம்களுக்குப் பயிற்சியளித்தது. அவர்கள் பள்ளிவாசலோடு நில்லாமல் வீடு வீடாகச் சென்று பேசினார்கள். ஆணுறை பற்றித் தொடக்கத்தில் வாய் திறக்கவில்லை; மார்க்கத் தலைவர்களோடு நீண்ட கலந்துரையாடலுக்குப் பின், மணவாழ்வுக்குள் அதன் பயன்பாட்டையும் பாடத்தில் சேர்த்தார்கள். அந்நாட்டு அரசும், கயிற்றில் கட்டிய மாடு தன் கொல்லையில் மட்டுமே மேய வேண்டும் என்று எளிய மக்களின் மொழியில் பிரசாரம் செய்தது. 1990-களின் தொடக்கத்தில் வயது வந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேருக்கு இருந்த தொற்று, பத்தாண்டுகளில் சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. பலரோடு உறவு கொள்வதை மக்கள் குறைத்துக்கொண்டது முக்கியக் காரணம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

தமிழகத்திலும் நடத்தை மாறியது. 1996 முதல் லாரி ஓட்டுநர் முதலானோரிடையே நடத்தப்பட்ட தொடர் ஆய்வுகள், விலைமகளிரிடம் செல்வது குறைந்ததையும் ஆணுறைப் பயன்பாடு உயர்ந்ததையும் காட்டின. 2001-இல் கருவுற்ற தாய்மாரிடையே 1.13 விழுக்காடாக இருந்த தொற்று பின்னாளில் கால் விழுக்காட்டுக்கும் கீழிறங்கியது. ஆயினும் இந்தியாவில் இன்றும் ஏறத்தாழ 25 இலட்சம் பேர் இக்கிருமியுடன் வாழ்கின்றனர்.

வாழ்கின்றனர் என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆட்கொல்லி நோய் என்று நாம் எழுதிய காலம் மாறிவிட்டது. 2004 ஏப்ரல் முதல் கூட்டு மருந்துகள் நாட்டில் இலவசமாக வழங்கப்படுகின்றன. நாள்தோறும் தவறாமல் உட்கொள்பவர் மற்றவரைப் போலவே நெடுங்காலம் வாழலாம். ஒருவருக்குத் தொற்றும் மற்றவருக்கு இல்லாமையும் உள்ள 1763 தம்பதியரிடையே ஒன்பது நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. டாக்டர் சுனிதி சாலமனின் சென்னை நிலையமும் அதில் பங்கேற்றது. உடனே மருந்து தொடங்கினால் துணைவருக்குப் பரவுவது 96 விழுக்காடு குறைகிறது என்று 2011-இல் அதன் முடிவு வந்தது. மருந்தால் இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கிவிட்டவரிடமிருந்து உடலுறவின் வழியே தொற்று பரவுவதில்லை என்பது இன்று உறுதியாகியுள்ளது. தாய் உரிய காலத்தில் மருந்து உட்கொண்டால், குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழாகிறது. இவையனைத்தும் சோதனை செய்துகொண்டவருக்கே கிட்டும். டாக்டர் சுனிதி சாலமன் 2015-இல் மறைந்தார். 2017-இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது.

சோதனைக்குச் செல்ல விரும்புவோர் அரசு மருத்துவமனைகளில் உள்ள 'நம்பிக்கை மைய'த்தை அணுகலாம். கட்டணம் இல்லை, ஆலோசகர் முன்னும் பின்னும் பேசுவார், முடிவு உரியவரிடம் மட்டுமே கூறப்படும். நம் வட்டாரத்தாருக்கு அடுக்கம்பாறை அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சோதனையும் கூட்டு மருந்துச் சிகிச்சையும் உண்டு. நேரில் செல்லத் தயங்குவோர் 1097 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைக்கலாம். கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் பேசலாம், பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.